துப்பாக்கிக்குப் போகும் ரூபாய் எங்கே போய்ச் சேருகிறது?

கேள்வி இதுதான்: வளரும் நாடு ஒன்று ராணுவத்துக்குச் செய்யும் செலவு அதன் பொருளாதாரத்தை வளர்க்குமா, தேய்க்குமா? கூடவே ஒரு துணைக் கேள்வியும் உண்டு. தென்கொரியா போன்ற நாடுகள் ராணுவத்துக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டே வளர்ந்தனவே, அது எப்படி?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வளரும் நாடுகளில் அது வளர்ச்சியைத் தின்கிறது. ஆனால் தின்பது அந்த வருடமே கண்ணுக்குத் தெரியாது. செலவு செய்த வருடத்தில் சம்பளம் போய்ச் சேருகிறது, கடைத்தெருவில் வியாபாரம் நடக்கிறது, நாட்டின் மொத்த உற்பத்தியான ஜிடிபி கணக்கிலும் அந்தச் செலவு ஏறிவிடுகிறது. வெட்டாமல் விட்ட வாய்க்காலும் கட்டாமல் விட்ட பள்ளிக்கூடமும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டிய பிள்ளை பதினைந்து வருடம் கழித்து வேலை தேடி அலையும்போதுதான் அது உறைக்கிறது.

இப்படித் தாமதமாகத் தெரிவதால் ஆராய்ச்சியாளர்களே இதில் நிறையத் தடுமாறியிருக்கிறார்கள். 1973இல் எமில் பெனுவா என்ற பொருளாதார அறிஞர் 44 வளரும் நாடுகளின் 1950 முதல் 1965 வரையிலான புள்ளிவிவரங்களை அலசினார். ராணுவச் சுமை கூடுதலாக இருந்த நாடுகள் வேகமாக வளர்ந்திருப்பதாகத் தெரிந்தது. அவரே எதிர்பார்க்காத முடிவு அது. கிராமத்து இளைஞனுக்கு லாரி ஓட்டவும், இயந்திரத்தைப் பழுது பார்க்கவும், நேரத்துக்கு வேலைக்கு வரவும் ராணுவம் கற்றுத் தருகிறது. சாலையும் பாலமும் போடுகிறது. அதன் பலன் பொருளாதாரத்துக்கும் வருகிறது என்று விளக்கம் சொன்னார். இதில் உண்மை இல்லாமல் இல்லை. எந்த ஊரிலும் ராணுவத்திலிருந்து திரும்பி வந்து பட்டறை வைத்தவர் ஒருவராவது இருப்பார்.

ஆனால் அடிப்படையில் ஒரு சிக்கல் இருந்தது. ராணுவத்துக்கு நிறையச் செலவழித்த நாடுகளில் பல, அதே காலத்தில் வெளிநாட்டு உதவியும் நிறைய வாங்கிய நாடுகள். வளர்ச்சி வந்தது ராணுவத்தாலா, உதவிப் பணத்தாலா? இன்னொன்று, வேகமாக வளரும் நாட்டுக்குத்தான் கையில் பணம் புழங்குகிறது, ஆயுதம் வாங்க முடிகிறது. அப்படிப் பார்த்தால் காரணம் எது, விளைவு எது? 1983இல் சாதத் டெகரும் ரான் ஸ்மித்தும் 50 நாடுகளை எடுத்துக்கொண்டு, நாட்டின் சேமிப்புக்கும் முதலீட்டுக்கும் என்ன ஆகிறது என்று சேர்த்துப் பார்த்தார்கள். ராணுவத்தால் நேரடியாக வரும் சின்ன நன்மையை, சேமிப்பு வற்றிப்போவதால் வரும் இழப்பு மிஞ்சிவிடுகிறது என்று தெரிந்தது. பிறகு 2013இல் பால் டன், நான் தியான் இருவரும் அதுவரை வந்த சுமார் 170 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வளர்ச்சிக்கு உதவுகிறது என்று சொன்னவை ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். எதிரான முடிவுக்கு வந்தவை அதைவிடக் கணிசமாக அதிகம். மீதி ஆய்வுகளில் தெளிவான முடிவே இல்லை.

சரி, சராசரிகள் இவ்வளவு தூரம்தான் கூட்டிக்கொண்டு போகும். ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, ஒரு ரூபாயின் பின்னாலேயே நடந்து போனால் விஷயம் இன்னும் நன்றாகப் புரியும். எனக்கு இலங்கையை வைத்துச் சொல்வதுதான் எளிது. நம் வாசகர்களுக்கும் அது தூரத்து ஊர் இல்லை.

1983க்கு முன்னால் இலங்கையின் ராணுவச் செலவு ஜிடிபியில் 1 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. அணிவகுப்புக்கும் அவசரத்துக்கும் வைத்திருந்த சிறிய படை அது. போர் தொடங்கி, 1990களின் நடுவில் அது 5 விழுக்காட்டைத் தாண்டியது. அந்தப் பணம் இரண்டு வழியாகப் பிரிந்து போனது.

ஒரு வழி, சம்பளம். அனுராதபுரம், குருநாகல், பொலன்னறுவை பக்கத்து வறண்ட கிராமங்களில் விவசாயம் கைகொடுக்காத குடும்பங்களின் பையன்கள் பெரும் எண்ணிக்கையில் படையில் சேர்ந்தார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் மண்வீடு செங்கல் வீடானது, தங்கைக்குக் கல்யாணம் நடந்தது, கிராமத்துக் கடைக்காரரும் பிழைத்தார். இந்த வழியில் போன ரூபாய் உள்நாட்டிலேயே சுற்றியது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ராணுவச் செலவு வேலைவாய்ப்பைத் தருகிறது என்று வாதாடுபவர்கள் இதைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பையன் செய்த வேலையிலிருந்து நெல் வரவில்லை, துணி வரவில்லை, பாலமும் வரவில்லை. பலரும் திரும்பியே வரவில்லை. கால் போனவர்களும் கண் போனவர்களும் இன்னமும் அந்தக் கிராமங்களில் வாழ்கிறார்கள்.

இன்னொரு வழி, ஆயுதம். இலங்கை போர் விமானம் செய்யும் நாடு கிடையாது. 1996இல் இஸ்ரேலிலிருந்து கிஃபிர் விமானங்கள் வந்தன. 2000இல் உக்ரைனிலிருந்து மிக்-27 வந்தது. பீரங்கி, பல்குழல் ராக்கெட், கடற்படைப் படகு, உதிரிபாகம் என்று பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வந்தது. இதற்கெல்லாம் டாலர் வேண்டும். இலங்கைக்கு டாலர் எங்கிருந்து வரும்? மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களின் கையிலிருந்து. ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களின் கையிலிருந்து. குவைத்திலும் சவூதியிலும் வீட்டுவேலை பார்க்கும் பெண்களின் கையிலிருந்து. இந்தப் பெண்கள் சம்பாதித்த அந்நியச் செலாவணியில் ஒரு பகுதிதான் விமானத்தின் உதிரிபாகமாக நாட்டுக்குள் திரும்பி வந்தது. பணக்கார நாட்டில் அரசு ஆயுதம் வாங்கினால் அந்தப் பணம் உள்ளூர்த் தொழிற்சாலைக்கும் உள்ளூர்த் தொழிலாளிக்கும் போகிறது. ஏழை நாட்டில் அது கப்பலேறிவிடுகிறது. அமெரிக்காவின் ராணுவத் தொழிலைக் காட்டி இலங்கைக்கோ தான்சானியாவுக்கோ நியாயம் சொல்லும்போது விட்டுப்போகிற இடம் இதுதான்.

பாதுகாப்பு இருந்தால்தானே முதலீடு வரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாடு பாதுகாப்பாக இல்லையென்றால் யாரும் தொழில் தொடங்க மாட்டார்கள். ஆனால் செலவு கூடுவதும் பாதுகாப்பு கூடுவதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். 2001 ஜூலை 24 அதிகாலையில் புலிகள் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் அதை ஒட்டிய சர்வதேச விமான நிலையத்தையும் தாக்கினார்கள். ராணுவ விமானங்களோடு பயணிகள் விமானங்களும் எரிந்தன. ராணுவத்துக்கு நிறையச் செலவழித்துக்கொண்டிருந்த காலம் அது. உடனே கொழும்புக்கு வரும் கப்பலுக்கும் விமானத்துக்கும் போர்க்கால இடர்க் காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. சரக்கு அனுப்பும் செலவு கூடியது, சுற்றுலாப் பயணிகள் வருவது குறைந்தது. அந்த வருடம் வறட்சியும் உலக மந்தமும் சேர்ந்துகொள்ள, சுதந்திரத்துக்குப் பிறகு முதல்முறையாக இலங்கையின் பொருளாதாரம் சுருங்கியது. அடுத்த வருடம் பிப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. 2002இல் சுமார் 4 விழுக்காடு, 2003இல் ஏறத்தாழ 6 விழுக்காடு என்று வளர்ச்சி திரும்பியது. புதிதாக எந்தப் போர் விமானமும் கொண்டுவர முடியாத நம்பிக்கையை ஒரு கையெழுத்து கொண்டுவந்தது. அது நிலைக்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் அந்த இரண்டு வருடங்களின் புள்ளிவிவரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

நிஷா அருணதிலக, சிசிர ஜயசூரிய, சமன் கெலேகம ஆகிய மூன்று இலங்கைப் பொருளாதார அறிஞர்கள் 1984 முதல் 1996 வரையிலான போரின் விலையைக் கணக்கிட்டார்கள். ராணுவச் செலவு, அழிந்த சொத்து, வராமல் போன முதலீடு, வராமல் போன சுற்றுலாப் பயணி எல்லாம் சேர்த்து, 1996இன் ஜிடிபியைப் போல் கிட்டத்தட்ட இருமடங்கு என்று வந்தது. நாடு முழுவதும் இரண்டு வருடம் உழைத்ததை அப்படியே கொட்டிய மாதிரி. அதற்குப் பிறகும் பதிமூன்று வருடம் போர் நடந்தது.

இந்த மாதிரிக் கணக்குகளில் சரியாக ஏறாத ஒன்று நிலம். 2018இல் ஒரு நண்பரோடு வலிகாமம் வடக்குக்குப் போயிருந்தேன். 1990இல் சனங்கள் வெளியேறிய பிறகு உயர் பாதுகாப்பு வலயமாக ராணுவம் வைத்திருந்த பகுதி. அதற்கு முந்தைய வருடம்தான் மயிலிட்டித் துறைமுகத்தை விட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தின் செம்மண் தெரிந்தவர்களுக்குத் தெரியும், வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் அப்படி விளைகிற மண். நண்பரின் தாய்வழி வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு நிலையும் இல்லை, கூடத்துக்குள் மரம் வளர்ந்திருந்தது. எல்லைக்கல் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கிணறு தூர்ந்து கிடந்தது. பக்கத்துக் காணியில் ஒரு பெரியவர் பற்றையை வெட்டி எரித்துக்கொண்டிருந்தார். மண் கெட்டுப்போயிருக்குமோ என்று நண்பர் கேட்டதற்கு அவர், "மண் அப்பிடியேதான் கிடக்கு தம்பி. செய்யிறதுக்குத்தான் பிள்ளையள் இல்லை" என்றார். மூன்று பிள்ளைகளும் வெளிநாட்டில் இருக்கிறார்களாம். இருபத்தெட்டு வருட அறுவடை இல்லாமல் போனது ஒரு பக்கம். அந்த நிலத்தில் உழைக்கத் தெரிந்த ஒரு தலைமுறையே அங்கிருந்து போய்விட்டது. இது எந்தப் பாதுகாப்பு பட்ஜெட்டிலும் செலவாக எழுதப்படவில்லை.

2009இல் போர் முடிந்தது. படை சுருங்கவில்லை. ஜிடிபியில் வெறும் 2 விழுக்காடுதானே என்று அடிக்கடி சொல்வார்கள். இந்த விழுக்காட்டை நம்பி ஏமாறக்கூடாது. 2021இல் இலங்கை அரசின் மொத்த வருவாயே ஜிடிபியில் சுமார் 8 விழுக்காடுதான். அதில் 2 விழுக்காட்டை ஒட்டிய தொகை ராணுவத்துக்குப் போனால், அரசின் கைக்கு வரும் ஐந்து ரூபாயில் ஒரு ரூபாய்க்கும் மேல் அங்கே போகிறது என்று அர்த்தம். இன்னொரு பெரும்பங்கு வட்டிக்குப் போகிறது. மருந்துக்கும் உரத்துக்கும் டீசலுக்கும் என்ன மிஞ்சும்? 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்ததற்கு வரிக்குறைப்பு, கண்மூடித்தனமான கடன், ரசாயன உரத்தடை, கோவிட் என்று பல காரணங்கள் உண்டு. ராணுவம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போர் முடிந்து பதிமூன்று வருடம் ஆகியும் இறக்கி வைக்காத சுமையோடுதான் நாடு அந்த மேட்டில் ஏறப் பார்த்தது.

ஒரு நாட்டின் ராணுவச் செலவு அதிகமா குறைவா என்று தெரிய வேண்டுமென்றால், ஜிடிபியோடு மட்டும் ஒப்பிடாமல் அரசின் வரி வருவாயோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். வரி வசூலிக்கத் தெரியாத நாட்டில் சின்ன விழுக்காடுகூடப் பெரிய பாரம்.

இந்தியாவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1962 போருக்குப் பிறகு பாதுகாப்புச் செலவு ஜிடிபியில் சுமார் 2 விழுக்காட்டிலிருந்து கிட்டத்தட்ட 4 விழுக்காட்டுக்குப் போனது. 1965இல் இன்னொரு போர், அதோடு வறட்சி. ஐந்தாண்டுத் திட்டத்தையே மூன்று வருடம் தள்ளிவைக்க வேண்டி வந்தது. இன்றைக்கு மொத்தத் தொகையைவிட அதன் உள்பிரிவைத்தான் கவனிக்க வேண்டும். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் புதுத் தளவாடம் போன்ற மூலதனச் செலவுக்கு 1.80 லட்சம் கோடி, ஓய்வூதியத்துக்கு மட்டும் 1.61 லட்சம் கோடி. ஓய்வூதியம் உழைத்தவருக்குத் தர வேண்டிய பணம், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் இன்றைக்கு ஒரு ஆளைப் படையில் சேர்ப்பது நாற்பது ஐம்பது வருடத்துக்கான செலவு என்பதை இந்த எண் காட்டுகிறது. ஆவடி டாங்க் தொழிற்சாலையால் நம் ஊரில் வார்ப்பும் கடைசலும் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. உள்நாட்டில் செய்யும்போது ரூபாயும் திறமையும் இங்கேயே தங்குகிறது என்பதற்கு அது சாட்சி. அப்படித் தங்கும் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இப்போது தென்கொரியாவுக்கு வருகிறேன். அங்கே எல்லைக்கு அப்பால் இருந்த ஆபத்து நிஜமானது; இருமுறை தலைநகரையே இழந்து மீட்ட நாடு. ஆயுதத்தில் பெரும்பங்கை அமெரிக்கா உதவியாகவே கொடுத்தது, அமெரிக்கப் படையும் அங்கேயே நின்றது. அதனால் நாட்டின் டாலர் ஆயுதத்துக்குக் கரையாமல் இயந்திரம் வாங்கப் போனது. 1970களில் சாங்வொன் போன்ற இடங்களில் கட்டிய தொழிற்சாலைகள் பீரங்கிக்குத் தேவையான பாகத்தையும் செய்தன, ஏற்றுமதிக்கான இயந்திரத்தையும் செய்தன. நிலச் சீர்திருத்தமும் எல்லோருக்கும் பள்ளிக்கூடமும் அதற்கு முன்பே நடந்திருந்தன. இதையெல்லாம் கழித்துவிட்டு ராணுவச் செலவை மட்டும் எடுத்துக்காட்டுவது சரியான கணக்கு ஆகாது. ஜோஷுவா ஐசென்மன், ரியுவென் கிளிக் இருவரின் ஆய்வும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: நிஜமான வெளி ஆபத்து இருக்கும் இடத்தில் ராணுவச் செலவு வளர்ச்சிக்குத் துணை நிற்கலாம், ஊழல் மலிந்த இடத்தில் அதே செலவு வளர்ச்சியை அரிக்கும்.

ஊழல் என்றதும் தான்சானியா நினைவுக்கு வருகிறது. உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று, 2001 வாக்கில் பிரிட்டனின் பிஏஇ என்ற ஆயுத நிறுவனத்திடமிருந்து 2 கோடியே 80 லட்சம் பவுண்டு விலைக்கு ஒரு ராடார் வாங்கியது. ராணுவத்துக்கும் பயன்படும் ராடார். இவ்வளவு விலை கொடுத்து இது தேவையில்லை என்று உலக வங்கி சொன்னது. பிரிட்டிஷ் அமைச்சரவைக்குள்ளேயே கிளேர் ஷார்ட் எதிர்த்தார். விற்பனை நடந்தது. 2010இல் அந்த நிறுவனம் இந்த விவகாரத்தில் கணக்கேடுகளைச் சரிவர வைக்கவில்லை என்ற குற்றத்தை ஒப்புக்கொண்டது. கடைசியில் 2 கோடியே 95 லட்சம் பவுண்டு தான்சானியாவுக்குத் திரும்பி வந்தது. அந்தப் பணத்தில் தொடக்கப் பள்ளிகளுக்குப் பாடப்புத்தகமும் மேசையும் வாங்கினார்கள். ராடாருக்குக் கொடுத்த விலை எத்தனை பிள்ளைகளின் மேசையாக இருந்தது என்று ஒரு நாடே எண்ணிப் பார்க்க முடிந்தது. மற்ற நாடுகளில் அந்த மேசைகள் வந்து சேர்வதே இல்லை. ராணுவக் கொள்முதல் ரகசியம் என்ற திரைக்குப் பின்னால் நடப்பதால், பொதுப்பணித் துறை டெண்டரில் கேட்கும் கேள்வியைக்கூட அங்கே யாரும் கேட்க முடிவதில்லை.

பணத்தைவிட ஆளையே தின்னும் நாடும் உண்டு. எரித்திரியாவில் 1990களில் கட்டாயத் தேசியச் சேவை பதினெட்டு மாதம் என்று சட்டம் போட்டார்கள். 1998இல் எத்தியோப்பியாவுடன் எல்லைப் போர் வெடித்த பிறகு அந்தப் பதினெட்டு மாதம் முடிவில்லாமல் நீண்டது. பள்ளியின் கடைசி வருடத்தையே ராணுவ முகாமில் படிக்க வேண்டும். பிறகு சொற்பப் படிக்காசுக்கு வருடக்கணக்கில் வேலை. விதைக்க வேண்டிய வயதில் இருப்பவர்கள் எல்லை தாண்டி ஓடுகிறார்கள்.

எதிர்ப்பக்கம் கோஸ்டாரிகா. 1948 உள்நாட்டுப் போரில் வென்ற ஹோசே ஃபிகேரெஸ், அந்த வருடம் டிசம்பர் 1 அன்று சான் ஹோசேயில் இருந்த பெய்யவிஸ்தா படைமுகாமின் சுவரைச் சம்மட்டியால் அடித்து, ராணுவத்தைக் கலைப்பதாக அறிவித்தார். வென்றவரே தன் படையைக் கலைத்தார் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயம். அந்த முகாம் இன்றைக்குத் தேசிய அருங்காட்சியகம். சுவரில் குண்டு பட்ட குழிகள் இன்னும் இருக்கின்றன. மிச்சமான பணம் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் போனது. 1990களின் கடைசியில் இன்டெல் அங்கே ஆலை போட்டபோது, படித்த தொழிலாளர்கள் தயாராக இருந்தார்கள். ஆனால் இதை எல்லோரும் அப்படியே செய்துவிட முடியாது. அமெரிக்கக் கண்ட நாடுகளின் கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் கோஸ்டாரிகாவுக்குப் பின்னால் இருந்தது, 1955இல் நிகரகுவா பக்கமிருந்து படையெடுப்பு வந்தபோது அது கைகொடுக்கவும் செய்தது. பாகிஸ்தானோ இந்தியாவோ நாளைக்கே படையைக் கலைக்கப் போவதில்லை.

படையைக் குறைப்பதும் நினைப்பதுபோல் எளிதில்லை. 2023 ஜனவரியில் இலங்கை அரசு, இரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டிய தரைப்படையை 2024க்குள் 1,35,000 ஆகவும் 2030க்குள் ஒரு லட்சமாகவும் குறைப்பதாக அறிவித்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் குறைக்கப்படுவது யார் என்று பாருங்கள். 2008இல் பத்தொன்பது வயதில் பொலன்னறுவைக் கிராமத்திலிருந்து சேர்ந்த ஒரு சிப்பாய், இருபத்திரண்டு வருடச் சேவை முடித்து 2030இல் ஓய்வூதியத்தோடு வெளியே வருவார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. போரின் கடைசி வருடங்களில் பெருமளவில் ஆள் சேர்த்தார்கள் என்பதால், அவரைப் போன்றவர்கள் ஒரே சமயத்தில் வெளியே வருவார்கள். துப்பாக்கியும் காவலும் தவிர வேறு தொழில் கற்றுத்தரப்படாத ஆட்கள். படை சுருங்கியதால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி அவர்களுடைய ஓய்வூதியத்துக்கே போகும். இன்னொரு பகுதியை அவர்களுக்குத் தொழில் கற்றுத் தரவும், வலிகாமத்துப் பெரியவரின் கிணற்றைத் தூர்வாரவும் இப்போதே ஒதுக்கினால்தான் 2030இல் அந்த இரண்டு வீட்டிலும் வருமானம் இருக்கும். அடுத்த இலங்கை பட்ஜெட் வரும்போது நான் முதலில் தேடிப் பார்க்கப் போவது இந்த இரண்டு ஒதுக்கீடுகளைத்தான்.